கதம்பை ஊறப்போட்டுக் கயிறு திரித்து கட்டுமரம் கட்டிய அனுபவம்

பெரியப்பாவின் கட்டுமரம் நாலு தடி. வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே தடிகளைத் தனித்தனியாகப் பிரித்து, அடியில் கட்டை கொடுத்து அடுக்கி வைத்திருந்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் மணக்குடிப் பக்கம் எல்லாக் கரைகளிலும் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன, கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள், ஒரு கட்டத்தில் பெரியப்பாவும் நிறுத்திவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் தம்பியும் அந்தத் தடிகளை எடுத்து, கடையில் வாங்கிய நீல நைலான் கயிற்றால் கட்டி, தூண்டில் போட மூன்று தடவை கொண்டுபோனோம். மூன்று தடவையும் கரைக்குத் திரும்பும்போது கட்டு தளர்ந்துதான் இருந்தது.

நைலான் பலமான கயிறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நங்கூரத்துக்குப் போடலாம், வலைக்குப் போடலாம். ஆனால் ஈர மரத்தில் அதற்குப் பிடிப்பு இல்லை, முடிச்சு நழுவுகிறது, சரி இன்னும் இறுக்குவோம் என்று இறுக்கினால் தடி அல்பீசியா என்ற மெத்தென்ற மரம் என்பதால் கயிறு மரத்தை அறுத்துப் பள்ளம் போடுகிறது. பள்ளம் விழுந்த பிறகு கட்டு மறுபடி தளர்கிறது. பெரியப்பா ஒருநாள் வந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மரத்துக்குத் தும்புக் கயிறுதாம்லே. அது பிடிக்கவும் செய்யும், விட்டுக் குடுக்கவும் செய்யும்" என்றார். தென்னை நாரை எங்கள் பக்கம் தும்பு என்போம். அங்கிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

முதலில் எளிய வழியைப் பார்த்தேன். கடையில் தென்னை நார்க் கயிறு ஒரு சுருள் வாங்கினேன். பந்தல் போட, தென்னங்கன்றுக்குக் கட்டு போட எல்லாம் அது போதும். கடலுக்கு அது நிற்கவில்லை. காய்ந்த மட்டையை மெஷினில் போட்டு அடித்து எடுத்த நார் அது, நிறம் செம்மண் மாதிரி இருக்கும், விரலில் சுற்றினால் முறியும், நாருக்கு நடுவே தூள் அப்படியே ஒட்டியிருக்கும். பத்து நாளில் வெளிப்புற நார்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று, கயிறு பாதி பருமனாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஊறாத தும்பு மக்ளே, இதுல முறுக்கு நிக்காது" என்று சொன்னார். மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, கல்யாணத்துக்கு முன்னால் காயல் கரையில் தும்பு அடித்து, கயிறு திரித்து வளர்ந்தவர். அவர் சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டதால்தான் நான் துணிந்தேன்.

மாசியில் கதம்பை சேர்க்க ஆரம்பித்தோம். உரித்த தேங்காய் மட்டையை எங்கள் பக்கம் கதம்பை என்போம். இதற்கு நன்றாக முற்றிக் காய்ந்த தேங்காயின் மட்டை ஆகாது. பத்து, பதினோரு மாதக் காய், மட்டை இன்னும் பச்சையாக இருக்கும்போதே உரித்து, இரண்டு மூன்று நாளுக்குள் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். காய்ந்துவிட்டால் நார் தடித்துப்போய், எத்தனை மாதம் ஊறினாலும் அந்தப் பொன்னிறம் வராது. எங்கள் வீட்டு மரத்திலும் பெரியப்பா வீட்டு மரத்திலுமாக 60 மட்டை தேறியது.

ஊறப்போட்ட இடம் மணக்குடிக் காயலின் ஓரம், பழையாறு வந்து கடலில் சேரும் பொழிக்கு உள்ளே. அங்கே ஏற்றத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்துக்கு வெளியே போகும், உப்பும் நல்ல தண்ணீருமாகக் கலந்து கிடக்கும். இந்த வரத்துப்போக்குதான் முக்கியம் என்று மாமி திரும்பத் திரும்பச் சொன்னார். மட்டைக்குள் நாரையும் தூளையும் ஒட்டவைத்திருக்கும் பசையைத் தண்ணீரில் உள்ள பாக்டீரியா தின்று தீர்க்கிறது, அப்போது கறுப்பாக ஒரு சாறு இறங்குகிறது, அந்தச் சாறு அங்கேயே தேங்கினால் வேலை நின்றுவிடும், அலையோட்டம் அதைக் கழுவிக்கொண்டே இருந்தால்தான் அழுகல் ஒழுங்காக நடக்கும். தேங்கிய குளத்தில் ஊறிய நார் கறுத்துப் போவதற்கு இதுதான் காரணம். மட்டைகளைப் பழைய வலைத்துண்டில் அடுக்கி மூட்டையாகக் கட்டி, மேலே முடைந்த ஓலை போட்டு மூடி, சேறும் கல்லும் ஏற்றி அமுக்கினோம். பக்கத்தில் ஒரு கம்பு நட்டு அடையாளம் வைத்தேன்.

மூன்றாம் மாதமே ஒரு மட்டையை உருவிப் பார்த்தேன். வாடை தாங்க முடியவில்லை, அழுகின முட்டை வாடை, ஆனால் நார் கொஞ்சமும் பிரியவில்லை. ஆறாம் மாதம் வெளிப்பக்கம் விட்டுக் கொடுத்தது, உள்ளே இன்னும் கட்டிதான். மாமி நகத்தால் மட்டையின் நடுவில் கீறிப் பார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். கார்த்திகையில், ஒன்பது மாதம் கழித்து எடுத்தபோது தோல் கையாலேயே உரிந்துவந்தது. ஏழு மட்டை மேலே மிதந்து வெயில் பட்டுக் காய்ந்திருந்தது, அதைக் கழித்துவிட்டேன். நான் அதை இன்னும் ஆழமாக அமுக்கியிருக்க வேண்டும்.

அடிக்கிற வேலை இரண்டு நாள். மட்டையைக் காயல் தண்ணீரிலேயே கழுவி, வெளித்தோலை உரித்து, கல்லின் மேல் வைத்து ஒரு முழ நீளக் கட்டையால் நார் போகும் திசையிலேயே அடிக்க வேண்டும். குறுக்கே அடித்தால் நார் நைந்து குட்டையாகிவிடும், முதல் பத்து மட்டையை நான் அப்படித்தான் கெடுத்தேன். அடிக்க அடிக்கத் தூள் கழன்று விழும், நடுவில் இரண்டு தடவை அலசி மறுபடி அடிக்க வேண்டும். வெயிலில் போடாமல் தென்னை நிழலில் பரப்பிக் காயவிட்டோம். காய்ந்த நார் வெளிறிய தங்க நிறத்தில், கையில் எடுத்தால் குதிரை வால் முடி மாதிரி துள்ளியது. நிறுத்துப் பார்த்தால் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதிலே நல்ல நீள நார் ஒரு சாணுக்கு மேல் வந்தது, குட்டையானதை மாமி தனியாக ஒதுக்கி, "இத நடுவுல வச்சுத் திரி, நீளத்த வெளிய வை" என்றார்.

திரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். மாமியின் வீட்டில் முன்பு கயிறு திரிக்கிற ராட்டு இருந்திருக்கிறது, இப்போது இல்லை, அதனால் கையாலேயே திரித்தோம். இரண்டு கொத்து நாரை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பக்கம் பக்கமாக வைத்து ஒரே தேய்ப்பில் உருட்டினால் இரண்டு இழையும் ஒரே திசையில் முறுக்கு ஏறும். அந்த முறுக்கை விட்டுவிடாமல் கையைப் பின்னால் இழுக்கும்போது, இரண்டும் தாமாகவே எதிர்த்திசையில் ஒன்றோடு ஒன்று சுற்றிக்கொள்ளும். இழை ஒரு பக்கம் அவிழப் பார்க்கிறது, இரண்டும் சேர்ந்த இழைக்கயிறு மறுபக்கம் அவிழப் பார்க்கிறது, இரண்டு ஆசையும் ஒன்றை ஒன்று தடுத்து நிற்பதுதான் கயிறு. புது நாரைச் சேர்க்கும்போது இரண்டு இழையிலும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது, நாலு விரல் தள்ளித் தள்ளிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் கழுத்து விழும்.

முதல் நாள் முழு மாலையும் உட்கார்ந்து நான் திரித்தது 11 மீட்டர். இழுத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் நார் சும்மா வழுக்கிக்கொண்டு பிரிந்து வந்தது, அறுந்தது ஒன்றுகூட இல்லை. முறுக்குப் போதவில்லை என்று அர்த்தம். மாமி என் கையைப் பிடித்து, இன்னும் ரெண்டு தேய்ப்பு, இன்னும் ரெண்டு தேய்ப்பு என்று அழுத்தி உருட்டிக் காட்டினார். தென்னை நார் மற்ற நாரைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது, விறைப்பானது, குட்டையும்கூட, அதனால் முறுக்கு ஒன்றுதான் அதைப் பிடித்து வைக்கிறது. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது, மூன்று நாள் விட்டுவிட்டுத் தொடர்ந்தேன். மார்கழி முழுக்க, மாமியும் சேர்ந்து திரித்ததில் 450 மீட்டர் வந்தது. பாதிக்கு மேல் மாமியுடையது. அவருடைய இழைக்கயிற்றையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடலாம்.

இனி கயிறு. மூன்று புரி, ஒரு புரிக்கு மூன்று இழைக்கயிறு, ஆக ஒன்பது, ஒவ்வொன்றும் 25 மீட்டர். 8 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து மூன்று கொக்கி செய்து, ஒரு பலகையில் துளை போட்டுச் செருகி, பின்பக்கம் மூன்றின் கைப்பிடியையும் இன்னொரு பலகையில் சேர்த்துவிட்டேன், அந்தப் பலகையைச் சுற்றினால் மூன்று கொக்கியும் சேர்ந்து சுற்றும். மறுமுனையில் ஒரே கொக்கி, அது தானாகச் சுழல வேண்டும், அதை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, சட்டத்தின் மேல் இரண்டு கல் வைத்து மணலில் விட்டோம். முறுக்கு ஏற ஏறக் கயிறு குறுகும், சட்டம் மணலில் தானாக இழுபட்டு வரும். நடுவே புரிகள் முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் இருக்க, மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை ஒன்று. பூவரசங்கட்டையில் நானே செதுக்கினேன்.

முதல் கயிற்றில் சுற்றுகிற திசை தவறிவிட்டது. இழைக்கயிறு எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் புரியை முறுக்க வேண்டும், நான் அதே பக்கமே சுற்றினேன். ஐந்து நிமிஷத்தில் இழைகள் எல்லாம் கம்பி மாதிரி விறைத்து, தளர விட்ட இடத்திலெல்லாம் பாம்புக் குட்டி போலச் சுருண்டு எழும்பின. எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒருநாள் தண்ணீர் தெளித்து நீட்டிப் போட்டு, மறுநாள் எதிர்ப்பக்கம் சுற்றினோம். இந்தத் தடவை தம்பி பலகையைச் சுற்ற, நான் கூம்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர, கட்டைக்குப் பின்னால் மூன்று புரியும் தாமாகப் படிந்து கயிறாகிக்கொண்டே வந்தது. 25 மீட்டர் போய் 18 மீட்டராக நின்றது. பருமன் என் சுண்டு விரல் அளவு. இப்படி இரண்டு கயிறு, அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று.

கயிறு கையில் வந்ததும் உடனே கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. தை கடைசியில் கட்டினோம். நாலு தடியையும் சேர்த்து, முனையில் குறுக்குக் கட்டையை வைத்து, எல்லாவற்றையும் சுற்றி ஆறு சுற்று, அப்புறம் தடிகளுக்கு நடுவே விட்டு எடுத்து அந்தச் சுற்றுகளையே குறுக்காக இறுக்கி முடிச்சு. காலால் தடியை உதைத்துக்கொண்டு இரண்டு பேர் இழுத்து இறுக்கியதில் கல் மாதிரி இருந்தது. மறுநாள் விடியலில் தண்ணீரில் இறக்கினோம். அலை முறியும் இடத்தைத் தாண்டும்போது நடுத் தடிகள் இரண்டும் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதை என் காலடியில் உணர்ந்தேன், ஓரத் தடிக்கும் அதற்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. உடனே திரும்பிவிட்டோம். கடல் அன்றைக்கு அமைதியாக இருந்ததால் பிழைத்தோம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலமாக இருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பெரியப்பா கரையில்தான் நின்றார். கட்டைப் பார்த்தார், திட்டவில்லை. "புதுக் கயித்த இழுக்காம கெட்டினியா?" என்று மட்டும் கேட்டார்.

தென்னை நார் நன்றாக நீளும். கயிறு திரிக்கிற மற்றத் தாவர நார்களைவிட அதிகமாக நீண்ட பிறகே அறும். இழுபலத்தில் சணலுக்கும் மணிலா நாருக்கும் கீழேதான், ஆனால் திடீரென்று வரும் இழுப்பை நீண்டு வாங்கிக்கொண்டு மறுபடி சுருங்குவதில் அதற்கு நிகர் குறைவு, அதனால்தான் கரையில் நின்று கரமடி வலையை இழுக்கிற கம்பாக் கயிறும் பெரிய கப்பலைக் கட்டி இழுக்கிற வடமும் ஒரு காலத்தில் இந்த நாரில் இருந்தன. அதோடு காய்ந்த நார் மிதக்கும், கம்பா தண்ணீரில் மிதந்து கிடந்தால் இழுக்கிறவனுக்குப் பாதிப் பாரம் குறையும். ஆனால் புதுக் கயிற்றின் முதல் நீட்சி முழுவதும் திரும்பி வராது. மிச்சமிருந்த துண்டில் 3 மீட்டர் அளந்து தென்னையில் தொங்கவிட்டு, 20 லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்றைக் கட்டிப் பார்த்தேன். ஒரு சாண் நீண்டது. கேனை அவிழ்த்த பிறகும் நாலு விரல் நீளம் கூடவே நின்றது. அந்த நாலு விரல்தான் என் கட்டைத் தளர்த்தியது.

இரண்டு கயிற்றையும் அவிழ்த்து, கடல் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு, இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டி, நடுவில் கம்பு செருகி முறுக்கி இறுக்கி, இரண்டு நாள் விட்டோம். காலையும் மாலையும் தளர்ந்ததை மறுபடி முறுக்கினேன். நல்ல தண்ணீர் படவே கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொன்னார், மழை வந்தால் கழற்றி உள்ளே வைக்கச் சொன்னார். உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் நிற்கிற இந்த நார் நல்ல தண்ணீரில் நனைந்து நனைந்து காய்ந்தால் சீக்கிரம் மக்கிவிடுமாம். அவர் காலத்தில் கடலிலிருந்து வந்த கயிற்றை ஒருவரும் கிணற்றுத் தண்ணீரில் கழுவியதில்லை.

இரண்டாவது தடவை பெரியப்பாவே முன்னால் உட்கார்ந்து கட்டவைத்தார். கயிறு ஈரமாக இருக்கும்போதே சுற்று போட வேண்டும் என்று நான் நினைத்தேன், அவர் நிழலில் உலர்த்தி எடுத்தபின்தான் கட்டச் சொன்னார். உலர்ந்த கயிறாகக் கட்டினால் கடலில் நனையும்போது நார் ஊதிப் பருத்து நீளம் குறையும், கட்டு தானாக இறுகும். ஈரமாகக் கட்டினால் கரையில் காயும்போது தளரும். நான் இதையும் அளந்தேன், இழுத்துப் பதப்படுத்திய 3 மீட்டர்த் துண்டு நனைந்ததும் கிட்டத்தட்ட நாலு விரல் குறைந்தது. சுற்று போட்டு முடித்த பிறகு, குறுக்குக் கட்டைக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு ஆப்பு அடித்தார். இத்தனைக்குப் பிறகும் தடிகள் கல் மாதிரி அசையாமல் இல்லை. அணியத்தில் நின்று மிதித்தால் ஒவ்வொரு தடியும் ஒரு நூல் அளவு தனியாக அசைகிறது, உடனே திரும்பி வந்து படிகிறது. "அது அசையணும்லே, அசையாட்டி முறியும்" என்றார்.

14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா இதையேதான் எழுதி வைத்திருக்கிறார். அங்கே மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்து, பெண்கள் திரிக்கிற கயிற்றால் இந்தியக் கப்பல்களையும் ஏமன் கப்பல்களையும் தைத்தார்களாம். இரும்பு ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது விட்டுக் கொடுத்துப் பிழைக்கும் என்கிறார். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால், கரைக்குத் தள்ளிக் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளும் இப்படி நாரால் தைத்தவைதான், தரை தட்டும்போது அவை வளைந்து கொடுத்ததால்தான் அந்த அலையில் நின்றன. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கௌண்டின்யா என்ற தையல் கப்பலையும் கேரளக் கைவினைஞர்கள் தென்னை நார்க் கயிற்றால்தான் தைத்தார்கள். அந்தக் கப்பலின் படத்தைப் போனில் காட்டியபோது மாமி கப்பலைப் பார்க்கவில்லை, திரையைப் பெரிதாக்கச் சொல்லிக் கயிற்றின் முறுக்கைத்தான் பார்த்தார்.

மாசி தொடங்கி வைகாசி முடிய மரத்தை 31 தடவை இறக்கினோம். ஒவ்வொரு வாரமும் ஆப்பை ஒருமுறை தட்டிவிட்டேன், மூன்று தடவைதான் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. தடியில் புதுப் பள்ளம் எதுவும் விழவில்லை, கயிறு பட்ட இடம் கொஞ்சம் மெருகேறி வழவழப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான். தேய்மானம் எல்லாம் ஒரே இடத்தில், அணியத்தின் அடிப்பக்கம், கரையேற்றும்போது மணலில் உரசுகிற சுற்றில். அங்கே ஒரு புரி பாதி அறுந்திருந்தது. அடுத்த தடவை அந்த இடத்தில் தடியில் ஒரு விரல் ஆழம் வெட்டிக் கயிற்றை உள்ளே படியவைக்கலாம் என்று இருக்கிறேன், அல்லது சுற்றுக்கு மேலே பழைய கயிற்றையே சுற்றி உறை போடலாம், எது சரி என்று பெரியப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை.

இப்போது ஆனி, கச்சான் அடிக்கிறது, கடல் ஏறிவிட்டது. கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தென்னைக்கடியில் உலர வைத்திருக்கிறோம். கயிறு இரண்டும் உப்போடு சுருட்டி உத்தரத்தில் தொங்குகிறது. காயலில் கம்பு நட்ட அதே இடத்தில் 90 மட்டை கிடக்கிறது, இந்தத் தடவை எல்லாவற்றையும் ஆழமாக அமுக்கியிருக்கிறேன், மாமியின் பேத்தியும் கூட வந்து சேறு ஏற்றினாள்.